மூன்று யானைகள்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் சிறுவர் நூல்கள் அச்சிட்டுவந்தேன். ஒரு கதைக்கு மூன்று படம் வரைவித்து, பிடித்த ஒன்றுக்கு மட்டும் கூலி கொடுப்பதே எங்கள் வழக்கம். வெள்ளவத்தையிலிருந்து ஓவியர் திரேசா மூன்று யானைகளைக் கொண்டுவந்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி நீட்டினேன்.

“ஐயா, தையற்காரனிட்ட மூண்டு சட்டை தைப்பிச்சு, ஒண்டுக்கு மட்டும் காசு குடுப்பீங்களோ?”

“படம் வேற, தங்கச்சி.”

“ஓம், சட்டையெண்டா நானே போட்டிருப்பன். இந்த யானையளை என்ன செய்யிறது?”

மூன்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அச்சேற வேண்டிய பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இருப்புக்கொள்ளவில்லை. டிராம் தரிப்பிடம்வரை ஓடி, மூன்றுக்கும் கூலி கொடுத்தேன்.

அடுத்த கதைக்கு ஒரு படமே கேட்டேன். அதற்கு முன், எனக்கு எது வேண்டுமென்று அரைநாள் யோசிக்க வேண்டியிருந்தது. அதுவரை அந்த யோசனையையும் ஓவியர்களே எனக்காகச் சும்மா செய்திருக்கிறார்கள்.