விறகோடு உலாவ வந்தவர்

மகாவலிக் கரைப் பூங்காவில் அந்த அம்மாவை நான் முதலில் கண்டது தைப்பொங்கலுக்கு மறுநாள். தூக்கிச் செருகிய சேலை, காலில் வெள்ளைச் சப்பாத்து, தலையில் சிறு விறகுக்கட்டு. வெளியே போகையில் காவலாளி மறித்தார்.

"என்னம்மா, எங்க மரத்தையா கொண்டு போறீங்க?"

"வீட்டு வெறகுங்க. வரும்போதே தூக்கிட்டு வந்தேன்."

"உலாவ வாறதுக்கு வெறகா?"

"நடக்காட்டி சீனி வருத்தத்துக்கு ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. தேயிலைத் தோட்டத்துல கொழுந்துக் கூடையோட நடந்தவ நான். சும்மா கைய வீசிக்கிட்டு நடந்தா, வேலைக்குக் கள்ளம் பண்ற மாதிரி வெக்கமா இருக்கு!"

உள்ளே வரும்போதே கட்டு இருந்ததை நானும் சொன்னேன். காவலாளி சிரித்து வழிவிட்டார்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் அவரை மறுபடி கண்டேன்.

"ஊசி வேணாமாம் ஐயா!" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

விறகுக்கட்டு முன்னிலும் பெரிதாகியிருந்தது. அதை அவர் தலையில் தூக்கி வைத்தவர் அதே காவலாளிதான்.