அப்பாவின் விறகு

ஈர விறகு நெருப்புக்குள் கிடந்து சீறுகிற சத்தம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தணல் பிடிக்காது. கட்டையின் முனையில் நுரை தள்ளும்... பிறகு வீடு முழுக்கப் புகை. தொண்ணூறுகளின் நடுவில், விட்பியில் வாங்கிய வீட்டில் எங்கள் முதல் வின்ரர் அந்தச் சத்தத்தோடுதான் போனது.

அதற்கு முன், நாடு விட்டு வந்ததிலிருந்து, நானும் அண்ணையும் டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ற்றில் இருந்தோம். அங்கே ஹீற்றிங் வாடகையோடு சேர்ந்தே வரும். சூடு தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்த நாட்களும் உண்டு. ஊரில் தனியாக இருந்த அப்பாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் போட்டதும் அண்ணைக்கு வீட்டு ஆசை பிடித்துக்கொண்டது.

"அப்பா லிஃப்ற்றிலை ஏறி இறங்கிச் சீவிக்க மாட்டார். அவருக்கு நிலத்திலை கால் வைக்கோணும்" என்றார்.

அம்மா முன்பே போய்விட்டா. எங்களுக்கு மிச்சமாக இருந்தது அப்பா ஒருவர்தான்.

விட்பியின் விளிம்பில் ஒரு பழைய வீடு கிடைத்தது. சுவரோரம் கரண்ட் ஹீற்றர். பில் எகிறும், ஆனால் சூடு கணுக்காலைத் தாண்டாது. அதனால் விறகு ஸ்ரோவ் வாங்கப் போனோம்.

கடைக்காரர் வீட்டின் அளவைக் கேட்டுவிட்டுச் சின்னதாக ஒன்றைக் காட்டினார். உங்கள் ஹோலுக்கு இது போதும், பெரிதை வாங்கினால் காற்றை அடைத்து அடைத்து எரிக்க வேண்டி வரும், குழாய்க்குள் கரி பிடிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அண்ணை கேட்டால்தானே! கண்ணாடிக் கதவு வைத்த, அந்தக் கடையிலேயே பெரிய ஸ்ரோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"அப்பாவுக்கு ஊரிலை மார்கழிப் பனிக்கே மப்ளர் வேணும். இந்தக் குளிருக்கு உந்தச் சின்னன் காணுமே? போதாது."

எனக்குச் சிரிப்பு. விசா வர முன்பே அப்பாவுக்குக் குளிரத் தொடங்கிவிட்டது...

ஸ்ரோவ் வந்தது. விறகும் வந்தது. பச்சை விறகு. மரம் என்றால் எரியும் என்று நினைத்த ஆட்கள் நாங்கள். விறகு விற்றவரையே பிடித்துக் கேட்டோம். பிளந்து அடுக்கி ஒரு வருடமாவது காற்றுப்பட விட வேண்டும் என்றார். அதைக் கேட்டு அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப சரி. அப்பா வரவும் ஒரு வருசம் எடுக்கும் எண்டுதானே சொல்லுறாங்கள். ரெண்டும் ஒண்டா ஆயத்தமாகும்."

ஸ்னோ கரைந்ததும் மேப்பிள் கட்டைகள் வாங்கி, வேலையால் வந்த களையோடு தானே பிளந்து, பின்வளவில் அடுக்கித் தகரம் போட்டு மூடினார். அதற்குப் பெயரே அப்பாவின் விறகுதான். அடுத்த வின்ரர் வந்தபோதும் நாங்கள் வேறு குவியலில் இருந்துதான் எரித்தோம். அவசரத்துக்கு ஒரு நாள் அதில் கைவைக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"தொடாதை தங்கச்சி. அப்பா வந்துதான் முதல் கட்டை வைக்கோணும்."

அதற்குள் அங்கே சண்டை பெருத்தது. அப்பா வன்னிக்கு இடம்பெயர்ந்தார். விசா சரிவந்தது, ஆனால் அதை எடுக்க அப்பாவால் கொழும்புக்கு வர முடியவில்லை. கடிதங்களும் நின்றுபோயின.

மூன்றாவது வின்ரரில், தை மாதத்து ஒரு ஞாயிறு காலை, கொழும்பில் இருந்த அத்தையின் மகன் போன் எடுத்தார். "மாமா போயிட்டாராம்... காய்ச்சலாம்..." அதோடு லைன் அறுந்துவிட்டது.

அண்ணை எழுந்து போய் ஸ்ரோவின் காற்றை அடைத்தார். தணல் அணையும்வரை அதன் முன்னாலேயே நின்றார். செத்தவீட்டில் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை, அது எங்கள் வழக்கம். அங்கே எடுத்துவிட்டார்களா என்று தெரியாமல் இங்கே நெருப்பு வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

மத்தியானத்துக்குள் சனம் வந்துவிட்டது. வோபர்னில் இருந்து ஒரு அன்ரி சோறு கறி சமைத்துக் கொண்டுவந்தா. எல்லோரும் ஜக்கெற்றைக் கழற்றாமல் ஒட்டி ஒட்டி இருந்தார்கள்.

"தம்பி, உது சமைக்கிற அடுப்பே? ஹீற்றர் மாதிரித்தானே. மூட்டு ராசா, பிள்ளையள் நடுங்குதுகள்" என்றா அன்ரி.

"நெருப்பு நெருப்புத்தான் அன்ரி. அப்பாவை எடுத்தாச்செண்டு தெரியட்டும்."

அப்பா குளிரக்கூடாது என்று வாங்கிய ஸ்ரோவுக்கு முன்னால் அத்தனை பேரும் குளிரில் இருந்தோம். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை.

பின்னேரம் மறுபடி போன் வந்தது. அண்ணை "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா செத்து இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டதாம். அன்றைக்கே எடுத்துவிட்டார்களாம். பக்கத்துக் கொட்டிலில் இருந்த யாரோ ஒருவர் கொள்ளி வைத்திருக்கிறார். அப்பாவின் ஒரே மகன் இங்கே இருக்க, அங்கே யாரோ ஒருவர்.

அண்ணை போனை வைத்துவிட்டு வெளியே போனார். ஸ்னோவைத் தட்டி, தகரத்தைத் தூக்கி, அப்பாவின் விறகில் இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். ஸ்ரோவுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரே நெருப்புக்குச்சியில் பற்றிக்கொண்டது. சீறவில்லை, புகையவும் இல்லை. கண்ணாடி நிறைய நெருப்பு.

"நல்லாக் காய்ஞ்சிட்டுது" என்றார். அப்போதுதான் அழுதார்.

வீடு சூடேற ஒவ்வொருவராக ஜக்கெற்றைக் கழற்றினார்கள். அண்ணை கழற்றவில்லை.

அந்த வீட்டை விற்று எத்தனையோ காலமாகிறது. இப்போது என் வீட்டில் காஸ் நெருப்பு. ரிமோட்டை அமத்தினால் கண்ணாடிக்குப் பின்னால் எரியும். சாம்பல் இல்லை, கோடரி இல்லை, மணமும் இல்லை. வசதிதான், நான் குறை சொல்ல மாட்டேன்... ஆனால் அந்த ஒரு பின்னேரத்துச் சூடு இதற்கு வராது.

போன கிழமை அண்ணை வந்திருந்தார். அப்பாவின் வயது இப்போது அவருக்கும் வந்துவிட்டது. ஜக்கெற்றோடேயே நெருப்புக்கு முன்னால் இருந்து, இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி... அப்பா வந்திருந்தா, அவருக்கு உது காணுமே?"

"காணும் அண்ணை" என்றேன்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுந்தார். பிறகு ஜக்கெற்றைக் கழற்றி என்னிடம் தந்தார்.