கல்லறைநேசனின் ஒரே வாசகர்

கையைத் துடைத்தாயிற்று. இப்போது மோந்து பார்க்கிறார். புத்தகத்தை நடுவில் பிரித்து, மூக்கை அந்தப் பிளவுக்குள் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு. பிறகு புத்தகத்தின் முதுகில் ஒரு தட்டு, அடியில் ஒரு ஊது. பூச்சி எதுவும் உதிரவில்லை என்று தெரிந்த பிறகு குழந்தையைப் போல மடியில் கிடத்திக்கொண்டு, "இங்கிலீசுப் பேய் காக்கா. மச்சான் கொழும்புல இருந்து கொண்டாந்தாக" என்கிறார். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். என்ன கதை என்று கேட்கிறேன். "அதைப் படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சங்கு எண்ணிக்கிட்டு இருக்கேன்? அட்டையைப் பாருங்க. அந்தப் பொம்பளைக்குக் காலே இல்ல."

ஹமீது சுல்தானுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். கீழக்கரையில் ஒரு சங்குக் கிடங்கில் கணக்குப்பிள்ளை. கடலில் மூழ்கி எடுத்த சங்கை ரகம் பிரித்துக் கல்கத்தாவுக்கு அனுப்புகிற கிடங்கு அது. சங்குச் சதை அழுகும் வாடை அவர் சட்டையை விட்டுப் போவதே இல்லை. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை ஒட்டி இருக்கிற என் தொப்பிக் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இலக்கியம் பேச ஏற்ற ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

புறம் பேசுவது பெரிய பாவம். ஆகையால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுகிறதெல்லாம் அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதுதான். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும், இந்தக் கதையைக் கேளுங்க" என்று அடுத்ததை எடுத்ததுதான்.

அவர் பேய்க்கதை எழுதுகிறவர். புனைபெயர் 'கல்லறைநேசன்'. தேத்தண்ணிக் கடையில் முழுப் பெயரையும் சொல்ல யாருக்கும் நேரமில்லை. "கல்லறை வந்துருச்சு, ஒரு தேத்தண்ணி ஊத்து" என்பார்கள். அவர் அதைப் புகழ் என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் சலாம் சொல்வார்.

அச்சில் முதன்முதலாக வந்தது ஒரு வாசகர் கடிதம். பத்திரிகை எங்கள் ஊருக்குத் தாமதமாக வருகிறது என்று இரண்டு வரி. அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இரண்டாவது, கமுதி மிளகாய் வியாபாரிகள் போட்ட ஆண்டு மலரில் ஒரு கதை. மேலே நல்லெண்ணெய் விளம்பரம், கீழே மூல வியாதிக்கு லேகியம், இரண்டுக்கும் நடுவே உப்பூர்க் கடற்கரையில் ஒரு பாழடைந்த பங்களா. சித்திரை மாதம். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே கதாநாயகன் சுவரோரக் கணப்பில் கட்டை போட்டுக் குளிர்காய்கிறான்.

"உப்பூர்ல பனி ஏது தம்பி?" என்று கேட்டேன்.

"பேய் வந்தா பனி வரும் காக்கா. வெள்ளைக்காரன் புஸ்தகத்துல எல்லாப் படத்துலயும் அப்படித்தான் இருக்கு."

எங்கள் பக்கத்து வெயிலில் நெய் உறைந்துகூட நான் பார்த்ததில்லை. அவர் கதைகளில் ரத்தம் பக்கத்துக்கு ஒரு தரம் உறைந்துவிடும். மறுபக்கத்தில் அதே ஆள் அதே ரத்தத்தோடு ஓடவும் செய்வான்.

அதற்குப் பிறகு மதுரையிலிருந்து வருகிற 'மர்மச்சுடர்' வாரப் பத்திரிகையில் இவர் கதைகள் வரத் தொடங்கின. எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். கதை வெளியான அன்று காலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு முதல் ஆளாகப் போய், ஏஜெண்டு தவசியிடம் ஊருக்கு வந்த பிரதிகள் முழுவதையும் கட்டோடு வாங்கிக்கொள்வார். எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"ஒண்ணு படிக்க. ஒண்ணு வைக்க. ஒண்ணு, அந்த வச்சது மழையில நனைஞ்சா. இன்னொண்ணு, அதுவும் நனைஞ்சா."

"மிச்சம்?"

"மிச்சம் கண்டவுக கையில சிக்கிக் கசங்கிறக் கூடாதுல்ல."

மதுரையில் இருந்த ஆசிரியருக்கு இது தெரியாது. 'தங்கள் கதை வருகிற வாரங்களில் கீழக்கரையில் ஒரு பிரதிகூடத் திரும்பி வருவதில்லை. மக்கள் ஆவலுடன் வாங்குகிறார்கள். தொடர்ந்து எழுதவும்' என்று கார்டு போட்டார். இப்படியாக ஹமீது சுல்தான் ஊர் முழுக்க அறிந்த எழுத்தாளர் ஆனார். ஊரில் ஒருவர்கூட அவர் எழுதியதில் ஒரு வரி படித்தவரில்லை. நானும் அவர் சொல்லக் கேட்டவன்தான்.

புத்தகம் இரவல் கேட்டால் கொடுக்கமாட்டார் என்று சொல்ல முடியாது. கையைக் கழுவிவிட்டு வரச் சொல்வார். வந்தால், புத்தகத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, நீங்கள் படிக்கப் படிக்கப் பக்கத்தை அவரே திருப்புவார். நிதானமாகப் படிக்கிறவர்களுக்கு அவர் மூச்சு காதில் படும். ஒருநாள் கடைக்கு ஆள் வந்ததால், நிறுத்திய இடம் தெரியட்டும் என்று ஒரு பக்கத்தின் முனையை லேசாக மடித்துவிட்டேன். சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்கிற 'இன்னாலில்லாஹி'யைச் சொல்லிக்கொண்டு ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். யார் மவுத்தானது என்று தொப்பி வாங்க வந்தவர் விசாரித்தார். அந்த மடிப்பை நீவி நிமிர்த்தி, மேலே என் அத்தர் புட்டிகளை வரிசையாக வைத்து, பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணுக்குத்தான். ஹமீது சுல்தானுக்கும் பெண் பார்த்தார்கள். எனக்கு ஒரு அறை, என் புத்தகத்துக்கு ஒரு அறை என்று கேட்டார். "மாப்பிள்ளைக்கு எடம் இருக்கு. கடுதாசிக்கு எடமில்ல" என்று பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள். அதனால் அவரும் கடுதாசிகளும் தாய் குல்சும் உம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அந்த வீடோ தங்கை காலிதாவுக்கு உரியது. அதில் மாப்பிள்ளைக்கென்று ஒரே ஓர் அறை. கடல் பக்கம் ஜன்னல், பச்சைக் கதவு, வாப்பா ரங்கூனிலிருந்து கொண்டு வந்த அலமாரி. அலமாரியிலும் கட்டிலிலும் கட்டிலுக்கு அடியிலும் புத்தகம்.

காலிதாவுக்கு ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக, கொழும்பில் ஜவுளிக் கடை வைத்திருக்கிற வாவு முகம்மது அமைந்தார். நல்ல பிள்ளை, ஐந்து வேளையும் தவறாது. நாள் குறித்துவிட்டு, குல்சும் உம்மா மகனிடம், "அந்தக் குப்பையை எல்லாம் எடு வாப்பா, வெள்ளையடிக்கணும்" என்று சொல்லத் தொடங்கினார். இவர் வருத்தத்தோடு அந்த அறையில் போய் உட்கார்ந்து ஒரு கதை எழுதினார். கடலைப் பார்த்த ஓர் அறை. பச்சைக் கதவு. ரங்கூன் அலமாரி. அதற்குப் பின்னால் கண்ணாடி வளையல் குலுங்க நிற்கிற ஒரு பெண் ஜின். அந்த அறையில் யார் புதிதாகப் படுத்தாலும் விடியும்போது பேச்சு வராது. மர்மச்சுடர் அந்த மாதம் உண்மைச் சம்பவங்களுக்கு மட்டும் பரிசு அறிவித்திருந்தது. ஆகையால் தலைப்புக்கு மேலே 'என் வீட்டில் நடந்தது' என்று போட்டு அனுப்பிவிட்டார்.

ஜின் என்று ஒரு படைப்பு உண்டு. அதை மறுக்க நான் யார். ஆனால் அது ஹமீது சுல்தான் வீட்டு அலமாரிக்குப் பின்னால் வந்து நிற்கும் அளவுக்கு வேலையில்லாமல் இருக்கிறது என்று மார்க்கம் படித்த எந்த ஆலிமும் எனக்குச் சொன்னதில்லை.

கதை வெளியானது. வழக்கம்போல ஊருக்கு வந்த கட்டு முழுவதையும் வாங்கிவிட்டார். பத்திரிகை கொழும்புக்கும் போகிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடி வழியாக ஊர் வந்து சேர்ந்தார். மறுநாளே அவருடைய தாய்மாமா அப்துல் அஜீஸ் பெண் வீட்டுக்கு வந்துவிட்டார். குல்சும் உம்மா எனக்குத் தூரத்து லாத்தா, அதாவது அக்கா முறை. அதனால் அந்தப் பேச்சில் எனக்கும் ஒரு பாய் கிடைத்தது. பெண்கள் கதவுத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்.

"ரூமைப் பத்திக் கொஞ்சம் பேசணும் லாத்தா" என்றார் அஜீஸ். "மாப்பிள்ளை அதுல தங்கமாட்டேங்கறாக."

"ரூமுக்கு என்ன கொறை?" என்று திரைக்குள்ளிருந்து குல்சும் உம்மா கேட்டார். "கடக்காத்து வருது. ரங்கூன் அலமாரி இருக்கு."

"அந்த அலமாரிதான். அதுக்குப் பின்னாலதான் அது நிக்கிதாமே."

"எது?"

"ஜின்னு. வளையல் போட்டது."

எல்லோரும் ஹமீது சுல்தானைப் பார்த்தோம். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெருநாள் பிறை கண்டவரைப் போல இருந்தார்.

"மாப்பிள்ளை படிச்சாகளா?"

"படிச்சதுனாலதானே நான் வந்திருக்கேன்."

"பயந்தாகளா?"

"பயந்ததுனாலதானே வந்திருக்கேன்."

"எந்த எடத்துல?"

அஜீஸ் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"இந்தா பாரு சுல்தான்" என்றார் அஜீஸ். "புள்ளை கொழும்புல படிச்சிட்டு மூணு நாள் காய்ச்சல்ல கெடந்திருக்காக. இந்தத் தெருவுல பச்சைக் கதவு வேற யார் வீட்ல இருக்கு? மேல 'என் வீட்டில் நடந்தது'ன்னு நீதான் போட்டிருக்க. பொய்யினா பொய்யினு உன் வாயால சொல்லு. நிஜமினா நாங்க வேற எடம் பாத்துக்கிறோம். ஒண்ணும் மனத்தாங்கல் இல்ல."

இதற்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையில் தங்கையின் கல்யாணம் நிற்கிறது. ஆனால் எழுத்தாளர்கள் அப்படிப் பட்டென்று சொல்லிவிட மாட்டார்கள் போலும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முழுப் பொய்யின்னு சொல்லிற முடியாது மாமா. எழுத்துல ஒரு விதமான உண்மை இருக்கும்."

"ஜின்னு இருக்கா, இல்லையா?"

"கதையில இருக்கு."

"ரூம்ல?"

"ரூம்ல இருக்கிற மாதிரி எழுதியிருக்கு. படிக்கிறவுகளுக்கு அப்படித் தோணினா, அது எழுத்தோட..."

"வேணும்னா ஆலிம்சாவைக் கூட்டியாந்து ஓதிருவோம்" என்று நான் நடுவே சொன்னேன். சமாதானம் ஆகட்டும் என்ற எண்ணம்தான்.

"இருந்தாத்தானே ஓதணும்" என்றார் அஜீஸ். "ஓதணும்னா இருக்குன்னு அர்த்தம்." எழுந்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

அப்போது திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அஜீஸ் ஒரு கணம் நின்றார். அது காலிதா. சபை நடக்கும்போது அந்தப் பெண் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"காக்கா. நான் அந்த ரூமைக் கூட்டறப்ப கேக்குற சத்தத்தைத்தானே எழுதியிருக்கீக? என் வளையலை அவளுக்குப் போட்டாச்சு. ரூமையும் அவளுக்கே குடுக்கப் போறீகளா?"

ஹமீது சுல்தானுடைய உலகத்தில் இதுவரை அவருக்கு வாய்த்த வாசகர் ஒரே ஒருவர், அந்த மாப்பிள்ளை. அவரையும் இப்போது தன் வாயாலேயே அனுப்பிவிட வேண்டும்.

"பொய்" என்றார்.

"கேக்கல."

"பொய் மாமா. ஜின்னு பொய். வளையல் காலிதாவோடது. சுவத்துல ரத்தம் வழிஞ்சதுன்னு எழுதினது உம்மா துப்பின வெத்தலை எச்சி."

"அதை ஏண்டா ஊருக்குச் சொல்றே?" என்று திரைக்குள்ளிருந்து குல்சும் உம்மா கேட்டார். அஜீஸ் சிரித்துவிட்டார். மறுபடி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

அன்றைக்கே புத்தகங்கள் மாட்டு வண்டியில் ஏறிச் சங்குக் கிடங்கின் பரணுக்குப் போயின. இப்போது எந்தப் புத்தகத்தை மோந்தாலும் ஒரே வாடைதான். அவர் இன்னமும் மோந்துகொண்டுதான் இருக்கிறார். மர்மச்சுடர் ஆசிரியருக்கு எதுவும் தெரிவிக்கவில்லை என்று பிற்பாடு அறிந்தேன். பொய் என்று சபையில் சொன்னது மாமாவுக்காக மட்டுமாம். பத்திரிகைக்குப் பொருந்தாதாம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை முதல் ஒரு வாரம் விளக்கை அணைக்கவில்லை என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியாத விஷயம். எழுதக் கூடாது.

அந்த வாரக் கடைசியில் ஓர் அசருக்குப் பிறகு இரண்டு பேருமாக என் கடைக்கு வந்தார்கள். வாவு முகம்மது சட்டைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து ஹமீது சுல்தானிடம் கொடுத்தார். கொழும்பில் வாங்கிய பிரதி. அட்டை கிழிந்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் மேலே தெரிந்தது. உள்ளே ஒரு பக்கத்தின் முனை காது மாதிரி மடிந்திருந்தது.

"இது வீட்ல இருக்க வேணாம் மச்சான். நீங்களே வச்சுக்கங்க."

"இந்த மடிப்பு என்ன?"

"அங்கனதான் பயந்து நிறுத்துனேன். அதுக்கு மேல படிக்கல."

"இன்னும் ரெண்டே பக்கம்தானே. கடைசியில ஆலிம் ஒருத்தர் வந்து ஓதி, அதைக் கடலுக்கு அனுப்பிச்சிருவாகளே."

"அப்படியா. இருக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை தேத்தண்ணிக் கடைப் பக்கம் நடந்தார்.

ஹமீது சுல்தான் கையைத் துடைத்துக்கொண்டார். காக்கி அட்டைத்தாளை எடுத்துப் பத்திரிகைக்குப் போட்டார். மோந்து பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து மடிப்பின் மேல் விரலை வைத்தார். இனி 'இன்னாலில்லாஹி' வரும், அத்தர் புட்டிகளை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று நான் அலமாரிப் பக்கம் கை நீட்டினேன்.

அவர் கட்டைவிரல் நகத்தை அந்த முனையில் வைத்து, மடிப்பு விட்டுப் போகாதபடி இன்னும் ஒரு தரம் அழுத்தி இழுத்தார்.