பொத்தானின் மேல் சந்தனப் பொட்டு

யசோதினிக்குப் பிழை விடுவதில் பயமில்லை. விட்ட பிழையை மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்பதில்தான் பயம். உயர்தரப் பரீட்சையில் கணிதத்தில் தவறியதிலிருந்து அந்தப் பயம் அவளோடு ஒட்டிக்கொண்டது. பிறகு தொழில்நுட்பப் பாடநெறி ஒன்றை முடித்தாள். வயல் வாய்க்கால்களைத் திருத்தும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம், நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து மட்டம் பார்க்கும் வேலை கிடைத்தது. தற்காலிக வேலைதான். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வாய்க்கால் நல்லபடி முடிந்தால் நிரந்தரமாக்கலாம் என்று பொறியியலாளர் பிரதீஸ் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் விடியுமுன் எழும்பி வயல் வட்டைக்குள் இறங்கினாள்.

மட்டக்கருவிக்குள் பார்த்து, தூரத்தில் ஒருவர் பிடித்து நிற்கும் அளவுகோலில் தெரிகிற இலக்கத்தை உடனே புத்தகத்தில் எழுத வேண்டும். பிழைத்தால் அழிக்கக் கூடாது. வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் ஒழுங்கு. யசோதினியின் பக்கங்களில் வெட்டுகளே கூடுதலாக இருந்தன. ஒருநாள் பிரதீஸ் புத்தகத்தை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"இதென்ன தங்கச்சி, கோழி கிளறின மாதிரி இரிக்கு?"

மண்வெட்டும் இயந்திரத்தின் சாரதிகூடச் சிரித்தான்.

அந்த வாரமே அவள் மட்டக்களப்பு டவுனில் ஒரு மலிவான விஞ்ஞானக் கல்குலேட்டர் வாங்கினாள். மடித்து மூடலாம். ஒரு பக்கம் கணக்குப் போடுகிற பொத்தான்கள், மறுபக்கம் எழுதுகிற கறுப்புப் பலகை. கூட வந்த குச்சியால் எழுதினால் பச்சை எழுத்து விழும். பலகைக்குக் கீழே வட்டமான ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எல்லாமே போய்விடும்.

கோல் பிடிக்கும் வினாயகமூர்த்திக்கு அதைக் கண்டதும் சிரிப்பு.

"என்ன புள்ள, முதலாம் வகுப்புக்குப் போறியா? சிலேட்டெல்லாம் கொண்டு வந்திரிக்காய்!"

"சிரிக்காதீங்க மூர்த்தியண்ணன். இதில கடுதாசியும் நனையாது, வெட்டுக் கொத்தும் இல்ல."

"அப்ப பிழை விட்டா?"

"பொத்தான அமத்திற்றுப் புதுசா எழுதுவன்."

"குடுத்து வெச்ச ஆள்தான். என்ட பிழையளுக்கும் இப்பிடி ஒரு பொத்தான் இருந்தா நான் கலியாணமே முடிச்சிருக்க மாட்டன்!"

உண்மையிலேயே அது நல்ல சாமான்தான். சேற்றுக்குள் விழுந்தாலும் துடைத்து எடுக்கலாம். கணக்கும் எழுத்தும் ஒரே கையில். ஆனால் உச்சி வெயிலில் எழுத்துத் தெரியாது. தொப்பியைக் கழற்றி நிழல் பிடிக்க வேண்டும். விலை கூடியவற்றில் அந்த அழிக்கிற பொத்தானைப் பூட்டி வைக்க ஒரு சின்னச் சுவிச் இருக்கும். இதில் இல்லை. அதை அவள் வாங்கும்போதே கண்டாள். 'ஆர் அமத்தப் போறாங்க' என்று விட்டுவிட்டாள்.

பகலில் பலகையில் எழுதுவாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து, வெட்டில்லாமல் அழகாகப் புத்தகத்தில் பதிவாள். "இப்ப முன்னேற்றம்" என்றார் பிரதீஸ். அந்தச் சொல்லுக்காக அவள் தொழிலின் ஒழுங்கை மீறிக்கொண்டிருந்தாள்.

சரஸ்வதி பூசையன்று வாய்க்காலின் கடைசித் துண்டை அளந்து முடித்தார்கள். அளவுகள் முழுவதும் அந்தச் சின்னப் பலகையில் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. போனில் ஒரு படம் எடுத்திருக்கலாம். குளித்துவிட்டு வந்து எழுதத்தானே போகிறோம் என்று பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது சாமியறையில் விளக்கு எரிந்தது. படத்துக்கு முன்னால் புத்தகங்கள், தையல் கத்தரிக்கோல், நடுவில் விரித்து வைத்த கல்குலேட்டர். அந்த வட்டப் பொத்தான் பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்திருக்க வேண்டும். அதன்மேல் சந்தனமும் குங்குமமும் அழுந்த ஒட்டியிருந்தன. பலகை கறுப்பாக இருந்தது.

"அம்மா, இதை ஆர் தொட்டது?"

"நான்தான் கா" என்றாள் தாய் கேதீஸ்வரி, கை நிறையப் பூவோடு. "உனக்குச் சோறு போடுற சாமான், அத வெக்காம வேற எத வெக்கிற? என்னமோ கிறுக்கிக் கிடந்திச்சு. பொட்டு வெச்ச உடன தானாத் துப்பரவாப் போயிற்று. அம்பாள்ட வேலைதான்!"

தாயின் முகம் அவ்வளவு சந்தோசமாக இருந்தது. யசோதினி அந்தப் பூவை வாங்கிப் படத்தடியில் வைத்தாள்.

அடுத்த நாள் காலையிலேயே பிரதீசுக்குப் போன் எடுத்து, அளவு அழிந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னாள்.

"அரை நாள் தாங்க சேர். திருப்பி அளந்து தாறன். மூர்த்தியண்ணனும் வாறன் எண்டவர்."

"மெசின் வந்து நிக்குது. மழையும் வரப்போகுது. மேல வந்த சரிவை அப்பிடியே கீழ கொண்டு போவம்."

"கடைசியில ஒரு மேடு இரிக்கு சேர்."

"எவ்வளவு?"

மேட்டை அவள் கண்ணால் கண்டிருந்தாள், காலால் ஏறியிருந்தாள். அளவு மட்டும் கையில் இல்லை.

"தெரியாட்டி விடுங்க" என்று அவர் போனை வைத்தார்.

வாய்க்காலை வெட்டி முடித்துத் தண்ணீர் திறந்தபோது அது அந்த மேட்டடி வரைக்கும் வந்து நின்றது. அதற்கு அப்பால் விதைப்புக்குக் காத்திருந்த விவசாயிகள் கோபத்தில் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். அவர்கள் கூட்டிய கூட்டத்தில் பிரதீஸ் எழும்பி, "அளவெடுத்த புள்ள அளவைத் தொலைச்சிட்டுது" என்றார். அது பொய்யில்லை. அவள் கேட்ட அரை நாளைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. யசோதினியிடம் யாரும் கேட்கவுமில்லை. அடுத்த மாதம் வேறொருவர் அவளுடைய மட்டக்கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

"ஏன் கா நிப்பாட்டினாங்க?" என்று தாய் கேட்டாள்.

"வாய்க்கால் முடிஞ்சிட்டு அம்மா."

இப்போது அவள் சந்தியில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். அதே கல்குலேட்டர் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. பிள்ளைகள் கேட்டால் நல்லதெல்லாம் சொல்வாள். கடைசியில், "இதுக்குப் பூட்டு இல்ல. எழுதினத உடனே புத்தகத்தில எழுதிருங்க" என்பாள். "விக்கத்தானே உன்ன வெச்சிரிக்கன்?" என்று முதலாளி முறைப்பார்.

இந்த வருசமும் சரஸ்வதி பூசை வந்தது. "உன்ட கணக்குச் சாமான் எங்க புள்ள?" என்று தாய் கேட்டாள். யசோதினி எடுத்துக் கொடுத்தாள். தாய் அதை விரித்து வைத்து, சந்தனம் தொட்டு, அதே வட்டத்தில் அதே விரலால் அழுத்தினாள். பலகை ஒருதரம் மின்னி அடங்கியது. அழிவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.