பால் கறக்காமல் வாங்கிய லெப்டொப்

போன கிழமை கல்முனைக்கு போன் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். கடையில் ஒரு பிள்ளை பழைய லெப்டொப் ஒன்று வாங்கிக்கொண்டு நின்றாள். விற்கிறவனிடம் சொன்னாள்: "உங்கட பேரக் கழட்டிட்டுத் தாங்க. இப்பயே. என்ட கண்ணுக்கு முன்னால."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். இந்த மனிசனுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பாள். தெரியும் மகள். தெரிந்துகொண்ட விதம்தான் கேவலம்.

நான் நிந்தவூர், மாட்டு யாவாரி. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மாட்டுப் பல்லைத்தான். சவளக்கடைப் பக்கம் வயல் வெட்டி முடிந்தால் மாடு பிடிக்கப் போவோம். புதுத் தும்புக் கயிற்று வாசம் இன்றைக்கும் எங்கே வந்தாலும் எனக்கு யாவார ஞாபகம்தான். மாட்டின் சூட்டுக் குறி பார்ப்போம், ஊர் அதிகாரி விதானையின் சீட்டு வாங்குவோம். அது பொலிஸ் மறித்தால் காட்ட. உண்மையான கைமாற்றம் வேறு. விற்கிறவன் கயிற்றைத் தன் கையால் எடுத்து வாங்குகிறவன் கையில் வைக்கவேண்டும். "ஹலாலாக்கித் தந்திட்டன்" என்று, முழு மனதோடு உரிமையை விட்டதாக, ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதோடு மாடு மாறிவிட்டது.

சில பேருக்கு ஆசை விடாது. விலை முடிந்த பிறகும் காலையில் ஒட்டக் கறந்துவிட்டுத்தான் கயிற்றைத் தருவார்கள். உழவு மெசின் விற்கிறவன் நல்ல பெற்றரியைக் கழற்றிப் பழையதைப் போடுவான். அதனால் எனக்கு ஒரு பழக்கம். எதை வாங்கினாலும், இருக்கிறபடியே தா, ஒன்றிலும் கை வைக்காதே என்பேன்.

மகள் சிபானா பல்கலைக்கழகத்துக்கு, கம்பஸுக்கு, எடுபட்ட வருசம் லெப்டொப் வேண்டும் என்றாள். காரைதீவில் சுதன் என்று ஒரு பொடியன் லண்டன் போகிறான், தன்னுடையதை விற்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். நல்ல பொடியன். எங்கள் ஆட்கள் அண்ணனைச் சொல்வதுபோல் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிட்டான்.

"எல்லாத்தையும் அழிச்சி, என்ட பேரையும் எடுத்துட்டுத் தாறன் காக்கா. கொஞ்ச நேரம் இரிங்க."

எனக்கு ஒட்டக் கறந்த மாட்டின் வெறும் மடி ஞாபகம் வந்தது.

"இல்ல தம்பி. ஒண்டையும் எடுக்க வேணாம். இரிக்கிறபடியே தாங்க."

"மறுகா உங்களுக்குத்தான் கரைச்சல்."

"எத்தின மாடு கண்டவன் நான்."

சாஜர் வயரை அவன் கையாலேயே எடுத்துத் தரச் சொன்னேன். ஹலாலாக்கித் தாறன் என்று சொல்லச் சொன்னேன். சிரிக்காமல் சொன்னான். அவன் அம்மாதான் உள்ளே நின்று சிரித்தது கேட்டது. போதாதென்று முத்திரை ஒட்டிய கடிதம், இரண்டு சாட்சி. நம்ம கெட்டித்தனம் எனக்கே பெருமையாக இருந்தது.

வீட்டில் மகள் திறந்து பார்த்தாள். "வாப்பா, இது இன்னும் அவருட பேரிலதான் இரிக்கி."

"மாட்டில பழைய குறி இரிந்தா பால் வராதா?"

மூன்று வருசம் பால் வந்தது.

கடைசி வருசம், ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்குள் மகள் தன் ஆய்வைக் கம்பஸுக்கு அனுப்பவேண்டும். தவறினால் இன்னொரு வருசம் இருக்கவேண்டும். காலையில் திறந்தால் ஸ்கிரீனில் இங்கிலீசில் ஏதோ கிடக்கிறது. மகள் வாசித்தாள்: "இது தொலைந்த பொருள். கண்டெடுத்தவர் அறிவிக்கவும்." கீழே சுதன் பேர். எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. ஆய்வு முழுக்க அதற்குள்தான்.

இருபது வருசம் மாடு விற்றேன். என்னை ஒருவரும் கள்ளன் என்று சொன்னதில்லை. ஒரு தட்டைப் பெட்டி சொல்லிவிட்டது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு காரைதீவுக்கு ஓடினேன். சுதன்ட அம்மா கடிதத்தைப் பார்க்கவும் இல்லை.

"லண்டன்ல அவன்ட பையயும் போனையும் ஆரோ களவெடுத்திட்டானாம் காக்கா. பயத்தில அவன்ட பேரில இரிக்கிற எல்லாத்தையும் பூட்டிட்டானாம்."

"எல்லாத்தையும் எண்டா இதையுமா தங்கச்சி?"

"பேர் அவன்டதானே? ரெண்டு மணிக்கு கூட்டாளிட போனில எடுப்பான். அங்க இன்னும் விடியல்ல. நீங்க ஜும்மாவுக்குப் பள்ளிக்குப் போயிட்டு வாங்க."

போனேன். அன்றைய குத்பாப் பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

திரும்ப அவர்கள் வீட்டுக்கு வந்தேன்; இரண்டு மணி தாண்டி இன்னும் அரை மணித்தியாலம் போனது. அதற்குப் பிறகுதான் எடுத்தான். அம்மாவின் போனில் அவன், என் போனில் மகள். இரண்டு போனையும் ஸ்பீக்கரில் போட்டு வாயோடு வாய் வைத்துப் பிடித்தேன். சுதன் மகளிடம் சொன்னான்.

"தங்கச்சி, என்ட பாஸ்வேட்ட அடிச்சாத்தான் திறக்கும். நான் சொல்றன், அடிங்க. காக்கா, அம்மாவ கொஞ்சம் அங்கால போகச் சொல்லுங்க."

"நான் என்னத்துக்குப் போகோணும்? என்ட போன்."

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். கடைசியில் பொடியன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். மகள் சேர்த்து வாசித்தாள்: "தர்சினி. மறுகா ரெண்டு நம்பர். சரியா?"

"எந்தத் தர்சினி?" என்றார் அம்மா.

நான் கூரையைப் பார்த்தேன்.

"சந்தியில புடவைக் கடை வச்சிரிக்கிறாளே, அவள்ற மகளா? அதுதானா நான் அவளப் பேசினா உனக்குக் கோவம் வாறது?"

"அம்மா, முதல்ல அந்தப் பிள்ள பாடத்த அனுப்பட்டும்!"

"திறந்திட்டு வாப்பா!" என்று மகள் கத்தினாள்.

நாலுக்குப் பத்து நிமிசம் இருக்க ஆய்வு போய்ச் சேர்ந்தது. அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்தார். மகனுக்குப் பேச்சு தந்தார்.

அடுத்த நாள் சுதன் எனக்குத் திருப்பிப் போன் எடுத்தான். "அண்டைக்கே சொன்னன் காக்கா."

"ஓம். நான்தான் வேணாம் எண்டன்."

மகள் தன்னுடையதையெல்லாம் வேறொன்றில் எடுத்து வைத்தாள். அவன் அங்கிருந்து, தன் பேரில் உள்ள சாமான்களின் பட்டியலில் இருந்து இதைக் கழற்றினான். பிறகு இங்கே எல்லாவற்றையும் அழித்தோம். திரும்பத் திறந்தபோது உன் பேர் என்ன என்று கேட்டது. மகள் தன் பேரை அடித்தாள். மூன்று வருசத்துக்குப் பிறகுதான் அது அவளுடையதாகியது. வயரை எவன் எவன் கையில் கொடுத்தான் என்று அது கேட்கவே இல்லை.

இப்போது நான் மாடு விற்பதில்லை. விற்கிறவர்களும் படத்தை அனுப்பி போனிலேயே கதைத்து முடிக்கிறார்கள். ஹலாலாக்கித் தா என்று நின்று கேட்கிறவன் இல்லை.

மகள் கம்பஸ் பரீட்சையில் சித்தியடைந்தாள். கொழும்பில் வேலை. லெப்டொப்பும் அவளோடு போய்விட்டது. அவள் இருந்து படித்த மேசை மூலையில் கிடக்கிறது. பெண்சாதி அதில் வெங்காயம் காயப் போட்டிருக்கிறாள்.