பிஸ்டன் மேல் பரோட்டா மாவு

கல்லூரியின் கடைசி வருடத்தில் அப்பாவின் பைக்கிலிருந்து எஞ்சினைக் கழற்றி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் பெரம்பலூரில் இருந்த கல்லூரிக்குக் கொண்டுபோனேன். திருச்சியில் கல்லூரிகளுக்கிடையே ஒரு கார்ட் பந்தயம். மாணவர்களே கட்டிய சின்ன நான்கு சக்கர வண்டியில் பைக் எஞ்சினைப் பொருத்தி ஓட்ட வேண்டும். எங்கள் புராஜெக்டும் அதுதான். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் அப்பாவுக்கு ஷிப்ட்டுக்குப் போக அந்த பைக்கை விட்டால் வேறு வண்டி இல்லை.

"திரும்ப மாட்டிக் குடுத்துருவியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"குடுத்துருவேன்ப்பா. ரெண்டு மாசம்."

"அப்ப எடுத்துக்க. நான் கல்லு லாரில தொத்திக்கிட்டுப் போயிக்கிறேன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். நான் என்ன படிக்கிறேன் என்பது அப்பாவுக்குத் தெரியாது. படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்.

நாங்கள் மூன்று பேர். பெரம்பலூரில் பரோட்டா கடை வைத்திருந்தவரின் மகன் ஒருவன். உடையார்பாளையத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி. அவர்களுக்கு முந்திரிக்காடு உண்டு. பிறகு நான். ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை எங்களுக்கு விட்டிருந்தார்கள். மதியம் அவன் தூக்கில் சால்னா கொண்டுவருவான். அவள் வறுத்த முந்திரியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். கிரீஸ் கையைப் பழைய துணியில் துடைத்துவிட்டு அப்படியே சாப்பிடுவோம்.

எஞ்சினின் கீழ்ப்பகுதியும் பிஸ்டனும் அப்பாவுடையவை. மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட்டை மட்டும் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்று எடுத்துவந்தோம். காற்று உள்ளே போகும் வழியை ஒரு மாதம் அரத்தால் ராவி அகலப்படுத்தினேன். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட்டைப் பரோட்டாக் கடைக்காரர் மகன் கோயம்புத்தூரில் சொல்லிச் செய்து வாங்கிவந்தான். வால்வைக் கூடுதல் உயரத்துக்குத் தூக்கி, கூடுதல் நேரம் திறந்து வைக்கும் பெரிய கேம்.

"இது வேணாம்டா," என்றாள் அவள். "இது நேர் ரோட்ல வெரட்டுறதுக்கு. நம்ம ட்ராக் பூராவும் வளைவு. மெதுவாப் போயி எழும்பறப்ப வண்டி முக்கும்."

"பந்தயத்துக்குப் போறோம் தாயீ, பால் ஊத்தப் போகல," என்றான் அவன்.

நான் அவன் பக்கம் நின்றேன். எதையும் யோசிக்காமல், பெரிசு என்றால் நல்லது என்று நினைத்தேன்.

வால்வு அவ்வளவு தூரம் இறங்கினால் பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். பிறகு ஹெட்டைக் கழற்றினால் வால்வு அழுத்திய பள்ளத்தில் எவ்வளவு மண் மிச்சமோ அவ்வளவுதான் இடைவெளி. நாங்கள் அதைச் செய்த அன்று அவள் முந்திரி பொறுக்க ஊருக்குப் போயிருந்தாள். எங்களிடம் களிமண் இல்லை.

"மண்ணுக்கு எங்கடா அலையுறது? கடையில ஊறுன மாவு இருக்கு. அதவிடப் பதமா எது கெடைக்கும்?" என்று கடைக்கு ஓடியவன், எண்ணெய் பூசிய ஓர் உருண்டையோடு வந்தான். அப்பினோம், சுற்றினோம், கழற்றினோம். மாவை பிளேடால் வெட்டி அளந்தால் இரண்டு மில்லிமீட்டர். தாராளம். கை குலுக்கிக்கொண்டோம்.

மறுநாள் ஸ்டார்ட் செய்தோம். முதலில் நன்றாகத்தான் ஓடியது. அவன் ஆக்சிலேட்டரைத் திருகினான். டக்கென்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றினேன். ஒரு வால்வு வளைந்திருந்தது. அப்பாவின் பிஸ்டன் தலையில் நகத்தால் கீறியதுபோல் பிறை வடிவில் ஒரு வெட்டு.

அவள் ஊரிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். மிச்சமிருந்த மாவைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினாள். பள்ளம் மெல்ல மேலே எழும்பிவந்தது.

"இது எந்திரிக்கும்டா. இழுத்து வீசுறதுக்குன்னே பெசஞ்ச மாவு. மண்ணுதான் அமுங்குனா அமுங்குன எடத்துல கெடக்கும். நீங்க ஹெட்டக் கழட்டி, பிளேடு தேடி, அளக்கறதுக்குள்ள அது ரெண்டு மில்லி வளந்துருச்சு."

"பொறந்ததுலேர்ந்து எங்க அத்தா இதத்தான் பெசையுறாரு. எனக்குத் தோணல பாரு," என்று தலையில் அடித்துக்கொண்டான் அவன்.

அதற்கப்புறம் அவள் சொன்னதைக் கேட்டோம். கணக்குப் போட்டாள்: பிஸ்டன் அழுத்துகிற அழுத்தம் எவ்வளவு, நான் ராவிய வழியில் காற்று எந்த வேகத்தில் போகும், வளைவில் எஞ்சின் எவ்வளவு சுற்றும். இந்த மூன்றுக்கும் ஒத்துப்போனது அப்பாவின் ஹெட்டில் இருந்த பழைய கேம்தான். பிஸ்டனில் இருந்த வெட்டை மழமழவென்று தேய்த்தேன். புது வால்வு போட்டோம். இந்தத் தடவை ஏரி மண்ணை அப்பி இரண்டு முறை அளந்தோம். பந்தயத்தில் நேர் ரோட்டில் எல்லாரும் எங்களைத் தாண்டினார்கள். வளைவில் நாங்கள் சிலரைத் தாண்டினோம். எல்லாச் சுற்றையும் முடித்தோம், பரிசு இல்லை.

இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் சோதிக்கும் வேலை. எந்த ஹெட்டுக்கு எந்த கேம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. கண்ணாடி அறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது சில நாள் அந்தக் கொட்டகையின் சால்னா வாசனை வரும். மூன்று பேரும் மூன்று ஊரில் இருக்கிறோம்.

அந்த வருடம் பந்தயம் முடிந்ததும் எஞ்சினை ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பா அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கி, புருவமெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்தார். மாட்டுவதற்கு முன் பிஸ்டனைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். மாவு என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஓடுமா?"

"ஓடும்ப்பா. பழைய ஹெட்டு பத்திரமா இருக்கு. அதையே போட்டுத் தரேன்."

அவர் பழையதைப் பார்க்கவில்லை. நான் ராவிய ஹெட்டைக் கையில் எடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"இது நீ செஞ்சதா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப இதையே போடு."

"திரும்பவும் ஏதாவது ஆயிட்டா?"

"ஆயிட்டா நீ பாத்துக்க மாட்ட?"

போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மாலை ஷிப்ட் முடிந்து வரும்போது பின்னால் தன்னோடு மூட்டை ஏற்றும் ஒருவரை உட்கார்த்தி வந்தார். வாசலில் எஞ்சினை அணைக்காமலே சொன்னார்: "ரெண்டு ஆளு தம்பி. குவாரி மேட்டுல கியரு மாத்தாம ஏறுனேன்."