பிளசருக்கு வைத்த பொட்டு

கெட்ட எண்ணத்தில் ஒருத்தன் நம் வேலையைக் கெடுத்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். ஆசையாகக் கெடுத்தவரை என்ன செய்வது? திட்டினால் திட்டினவன்தான் கெட்டவன். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கோவில்பட்டியில் அண்ணன் குடும்பமும் நானும் ஒன்றாக இருந்த வீட்டின் முற்றத்தில் ஒரு பழைய பிளசர் நின்றது. எங்கள் பக்கம் காருக்குப் பிளசர் என்றுதான் பேர். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த பிறகும் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அது அப்பா வாங்கியது. முதுகு உருண்ட சின்ன வண்டி, கியர்க் கம்பி ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். மதினி அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இறங்கியது அதில்தான். எஞ்சினுக்கு ஒரு குறையும் கிடையாது. சாவியைத் திருகினால் ரெண்டு இருமல் இருமிவிட்டு எழுந்துவிடும். மேல்தோல்தான் போய்விட்டது. கதவுகளின் அடியில் துரு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. பானெட் வெயிலில் வெந்து தேமல் விழுந்த மாதிரி வெளுத்திருந்தது.

அண்ணன் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானம் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்.

"ஏலே, தண்ணி வாரதே எப்பவோ ஒரு நாளு. அன்னைக்குப் பிடிச்சு வைக்க நாலு டிரம்முக்கு எடமில்ல. அந்தத் தகரம் முத்தத்த அடச்சுட்டு நிக்கணுமா? ஆயுத பூசைக்குள்ள பாக்குத மாதிரி ஆக்கு. இல்லன்னா மறுநாளே எடைக்குப் போட்டுருவேன்."

"எஞ்சின் நல்லாத்தான இருக்கு அண்ணே."

"உள்ள நல்லா இருந்து என்னலே செய்ய? மூஞ்சியப் பாரு மூஞ்சிய."

எடைக்கு! பழைய பேப்பரையும் ஓட்டை அண்டாவையும் போடுகிற தராசில் அப்பாவின் வண்டியை வைத்துப் பேசுகிறார். சரி, மூஞ்சியைத்தானே கேட்கிறாய், காட்டுகிறேன் என்று எழுந்தேன்.

எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. கயத்தாறு ரோட்டில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் டீக்கிளாசும் கையுமாக நின்று பார்த்துக் கற்றதுதான். துருவை உப்புத்தாள் போட்டுச் சுரண்டினேன். பள்ளமான இடத்தில் பட்டி என்கிற பசையைத் தடவி நிரப்பி, காய்ந்ததும் மறுபடி தேய்த்தேன். அந்தத் தேய்ப்புக்குத் தண்ணீர் வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் காருக்குத் தண்ணீர் கேட்டால் அடிக்க வருவார்கள். மதினிதான் துணி அலசிய தண்ணீரைக் கொட்டாமல் எடுத்துவைத்தாள். பார்த்தால் அந்தச் சோப்புத் தண்ணீரில்தான் தாள் அடைபடாமல் நன்றாக ஓடியது.

தெருவில் போகிற வாயெல்லாம் எங்கள் முற்றத்தில் ஒரு நிமிஷம் நின்றுதான் போகும். "என்ன அண்ணாச்சி, பிளசருக்குச் சவரமா?" என்பார் ஒருத்தர். "கெழவிக்குப் பவுடர் போடுதியளாக்கும்," என்பார் இன்னொருத்தர். வேறு சமயமாக இருந்தால் அந்தப் பேச்சையெல்லாம் நானே ரசித்து நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன்.

பெயிண்ட் அடிக்கிற நேரத்தில் காற்று கிளம்பிவிட்டது. எங்கள் ஊர்க் காற்று சும்மா வராது, கரிசல் புழுதியைக் கையோடு கூட்டிக்கொண்டு வரும். ஈர பெயிண்டில் அது விழுந்தால் எள்ளுருண்டைதான். மதினியின் பழைய நைலக்ஸ் சேலைகளைக் கேட்டு வாங்கி, நனைத்து, வண்டியைச் சுற்றிக் கொடி கட்டித் தொங்கவிட்டேன். பிரசவ அறை மாதிரி இருக்கிறது என்று மதினி சிரித்தாள். பஞ்சர் கடையிலிருந்து காற்று மெஷினை இரவல் வாங்கி உள்ளே புகுந்து அடித்தேன். வெளியே வந்தபோது என் மூக்கு முடிகூடக் கிரீம் கலர்.

வந்திருந்தது பாருங்கள் ஒரு பளபளப்பு! குனிந்தால் பானெட்டில் என் பல் தெரிந்தது. ஆனால் இடையில் பெய்த மழையால் வேலை தள்ளிப்போய், பூசைக்கு இரண்டு நாள் முன்னால்தான் அடிக்க முடிந்திருந்தது. நகம் பட்டால் பதிகிற பதத்தில் பெயிண்ட் இன்னும் இளசாகவே இருந்தது. "தொடக்கூடாது, துடைக்கக்கூடாது, பூசைக்குப் பூவைக்கூட டயரில்தான் வைக்க வேண்டும்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

ஆயுத பூசையன்று காலையில் குளித்துவிட்டு வருகிறேன். பானெட்டின் நட்டநடுவில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.

மதினி கையில் மைக்கிண்ணம். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை.

"மதினி! என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"கண்ணு படும்லா கொழுந்தனாரே! ஊரே நின்னு பாத்துட்டுப் போவுது. பச்சப்புள்ளைய மையி வைக்காம வெளிய விடுவமா?"

"புள்ளையா? இது இரும்பு மதினி, இரும்பு!"

"இன்னைக்கு இரும்புக்குத்தான பூசையே?"

பதில் இல்லாதபோது குரல்தான் பெரிசாகும். நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். மதினியின் முகம் சுருங்கிவிட்டது. "இந்தா, அழிச்சுருதேன்" என்று ஓடிப்போய், நான் தடுப்பதற்குள், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒரே தேய். இளசான பெயிண்டில் ஊறிவிட்ட எண்ணெய் மை போகவில்லை. என் பெயிண்ட் போய்விட்டது. உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பூச்சின் சாம்பல் நிறம் பல்லிளித்தது, நடுவில் கரி.

அந்த நேரம் பார்த்து அண்ணன் பூவும் பொரியுமாக உள்ளே வந்தார். பானெட்டைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவர் மேல் எனக்கு ஒரு கோபம் தனியாக உண்டு.

"இதுக்காலே இம்புட்டுப் பாடு? மாடு நக்குன மாதிரியில்ல இருக்கு! சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளைக்கு ஆள் வருவான், எடைக்குப் போட்டுரு."

மதினிதான் துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எதை எடைக்குப் போடுதீங்க?"

"ஏட்டி, நீதான டிரம் வைக்க எடம் இல்லன்னு அழுத?"

"அழுதேன். இப்ப பொட்டு வச்சாச்சு. பொட்டு வச்ச இரும்பை எடைக்குப் போடுத வீடு எங்கனயாவது உண்டுமா? காலைல உங்க கடைத் தராசுக்கும் இதே கையாலதான் பொட்டு வச்சேன். போடுததுன்னா அதையும் சேத்துப் போடுங்க."

தராசைச் சொன்னால் வியாபாரி என்ன பேசுவார்? அண்ணன் தட்டில் இருந்த பொரியை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். டிரம்கள் பின்பக்கம் போயின. பிளசர் முற்றத்திலேயே நின்றுவிட்டது.

எல்லோரும் சந்தோஷமாகத் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, சேலைக்குள் மூச்சு முட்ட நின்று அடித்தேனே, அது வண்டியைக் காப்பாற்றவில்லை. அதைக் கெடுத்த பொட்டு காப்பாற்றியிருக்கிறது! இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அந்த இடத்தை மட்டும் திரும்ப அடித்துவிடுகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். "கை வைக்காதீங்க கொழுந்தனாரே, அதுதான் வண்டியக் காத்துச்சு. அழிச்சா உங்கண்ணன் மறுபடி ஆரம்பிச்சுருவாவ" என்று மதினி மறித்துவிடுவாள். வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு அதே இடத்தில் புது மை வேறு. வருகிறவர்கள் எல்லாம் பொட்டைப் பார்க்கிறார்கள், பொட்டின் கதையைக் கேட்கிறார்கள், மதினியும் தராசு வரைக்கும் விடாமல் சொல்கிறாள். கதவுக்கு அடியில் நான் பார்த்த பட்டியை இதுவரை ஒருத்தர் குனிந்து பார்த்ததில்லை.